ஓனர் கையால் முதல் சுற்று

கியர் குச்சியை 'டி'க்கு இழுத்தால் வண்டி உடனே கிளம்பாது. கொஞ்சம் யோசிக்கும். பிறகு முதுகில் யாரோ எட்டி உதைத்த மாதிரி ஒரு குலுக்கல். அதற்கப்புறம்தான் நகரும். செம்மல் ஆரம்பத்தில் அதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

"எங்க வண்டியும் என்ன மாதிரிதான். சொன்ன ஒடனே செய்யாது. ரெண்டு தரம் யோசிச்சி, அப்புறம் தப்பாச் செய்யும்."

ஐப்பசி பிறந்ததும் அந்த யோசனை நீண்டுகொண்டே போனது. நெல்லித்தோப்புச் சந்திலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறுகிற இடத்தில் வண்டி நின்று யோசிக்கும்போது, பின்னால் இருப்பவர்கள் ஆரனை அழுத்திக்கொண்டே இருப்பார்கள். செம்மல் கண்ணாடியை இறக்கிக் கையெடுத்துக் கும்பிடுவான். பக்கத்தில் அவன் பொண்டாட்டி தாமரைச்செல்வி எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பாள்.

வண்டி சொல்தா தேவதாஸ் வீட்டு வண்டி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை ஊரில் சொல்தா என்றுதான் சொல்வார்கள். மகளோடு இருக்கப் பிரான்சுக்குக் கிளம்பியபோது தேவதாஸ் வீட்டுச் சாவியை மச்சானிடம் ஒப்படைத்தார், காரைச் செம்மலுக்கு விற்றுச் சாவியைக் கொடுத்தார். கொடுக்கும்போது தோளில் கைபோட்டுத் தனியே அழைத்துப் போய், பிரெஞ்சில் நண்பா என்று கூப்பிட்டுச் சொன்னார்:

"மொன்னாமி, எத வேணா மாத்து. டயர மாத்து, சீட்ட மாத்து, முன்னால இருக்கிற மாதா சிலைய எடுத்துட்டு உங்க முருகன வையி. கியர் பெட்டி ஆயில மட்டும் தொடாத. தொட்டா கோவிச்சுக்கும்."

செம்மலுக்கு அப்போது அது வேடிக்கையாக இருந்தது. இப்போது இல்லை.

அவனுக்கு இடது முழங்கால் மடங்காது. வேலை பார்த்த நூல் மில்லை மூடியபின் சேதராப்பட்டில் பிளாஸ்டிக் நாற்காலி செய்யும் கம்பெனிக்குப் போனான். அங்கே ஒரு அச்சு சரிந்து காலில் விழுந்தது. கம்பெனி அவனைக் கேட்டில் காவலுக்குப் போட்டு, உட்கார ஒரு நாற்காலியும் கொடுத்தது. அதுவும் அச்சில் கோணலாக விழுந்தது என்று ஒதுக்கிப் போட்டிருந்த நாற்காலி. "ரெண்டு கோணலும் ஒண்ணாச் சேந்தா நேரா இருக்கும்னு நெனச்சிட்டாங்க" என்பான். கிளட்ச் மிதிக்கிற கால் அதுதான். ஸ்கூட்டரை ஊன்றி நிறுத்துகிற காலும் அதுவேதான். ஆகையால் தானாகக் கியர் மாற்றிக்கொள்ளும் பழைய வண்டி.

அவன் ஊர் சுற்றுவதற்கு வாங்கியது இல்லை அது. தாமரைக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைக் கழுவும் மிஷினில் படுக்கவேண்டும். போகும்போது அவள் மனுஷி. வரும்போது பிழிந்து உதறிய துணி. ஒருமுறை ஆட்டோவில் வரும் வழியில் வாந்தி எடுத்துவிட்டாள். ஆட்டோக்காரன் வண்டியை ஓரம் கட்டி, பக்கத்து டீக்கடையில் ஒரு வாளி தண்ணீர் வாங்கி வந்து அவள் முன்னால் வைத்தான். நிற்க முடியாதவள் குனிந்து கழுவினாள். செம்மல் தடுத்தும் அவளேதான் கழுவினாள். வீட்டுக்கு வந்து, "இனிமே செத்தாலும் ஆட்டோவுல ஏறமாட்டேன்" என்றாள். அதற்குப் பிறகுதான் சொல்தா வீட்டு வண்டி வந்தது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் அவளும் அவனும், வாசலில் அதுவும்.

போன மாதம் அவளுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுக்கும் கோவிந்தசாமி வரவில்லை. பாகூர்ப் பக்கத்து விவசாயி. நல்ல பேச்சுக்காரர். மறுவாரமும் வரவில்லை. நர்சிடம் கேட்டதற்கு, "மிஷினுக்கு வர்றத அவரே நிறுத்திக்கிட்டாரும்மா" என்றாளாம். செத்துவிட்டார் என்று சொல்லியிருந்தால் தாமரை அழுதிருப்பாள். நிறுத்திக்கிட்டாரு என்ற சொல் அவளோடு வீட்டுக்கு வந்தது. அரிசி களைகையில், காய்கறியை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டுகையில், அவள் அதை வாய்க்குள் உருட்டிப் பார்த்துக்கொண்டிருப்பது செம்மலுக்குத் தெரிந்தது.

*

தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் மெக்கானிக் விஜயராகவனின் ஷெட் இருந்தது. ஒரு பக்கம் பூட்டிக்கிடக்கிற கம்பெனி, மறுபக்கம் பூட்டப்போகிற கம்பெனி. மழை அப்போதுதான் விட்டிருந்தது. தகரக் கூரை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. விஜயராகவன் பானெட்டைத் திறந்து, ஆயில் பார்க்கும் நீளக் குச்சியை உருவி, நுனியை மோந்தான். பிறகு இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து வெளிச்சத்தில் காட்டினான். விரலில் கண்மை மாதிரி ஒட்டியது.

"இன்னா விஜி, மோந்து பாத்துட்டு மூஞ்சத் தூக்கற?"

"கருகின வாசன வருதுண்ணே. புதுசுல இது செவப்பா இருக்கும். செம்பருத்திப் பூ மாதிரி. இது பாரு, வடை சுட்டு வடை சுட்டு மிச்சம் வச்ச எண்ண."

"கொட்டிட்டுப் புதுசு போட வேண்டியதுதான."

விஜயராகவன் குச்சியைத் துடைத்தான்.

"நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. இது நம்ம கைக்குப் பழகின வண்டி இல்ல. நான் கிளட்சு வண்டிக்காரன். வேற எடத்துல காட்டேன்."

"காட்டிட்டேன்ப்பா. பாண்டிச்சேரி பூராவும் காட்டிட்டேன். ஒருத்தன் உன்ன மாதிரியே மோந்து பாத்துட்டு, சாவு வூட்டுக்கு வந்தவன் மாதிரி சொல்லிக்காமகூட உள்ள போயிட்டான்."

"அவன் போனது தப்பில்ல." விஜயராகவன் குரலைத் தாழ்த்தினான். தாமரை காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள், கண்ணாடி இறக்கியிருந்தது. "கியர் பெட்டிக்குள்ள ஒண்ண ஒண்ணு புடிக்கிற தட்டுங்க தேஞ்சி போயிருக்குது. தேஞ்ச தூளு பூரா இந்த ஆயில்லதான் மெதக்குது. அந்தத் தூளுதான் இப்ப தட்டுங்கள வழுக்காம புடிச்சி வச்சிருக்குது. புது ஆயில் ஊத்தினா எல்லாத்தையும் கழுவி வுட்டுடும். ஊத்தலன்னா சூட்டுல வெந்து நின்னுடும். எது முன்னாடின்னுதான் தெரியல."

"நீ டாக்டருக்குப் படிச்சிருக்கலாம். அவங்களும் இப்படித்தான் ரெண்டு பக்கமும் பேசறாங்க."

காருக்குள்ளிருந்து தாமரையின் குரல் வந்தது. "விஜி, இதுக்கு மாத்தி எத்தினி வருசமாச்சி?"

"ஒரு தரம்கூட மாத்தின மாதிரித் தெரியல அண்ணி."

"எனக்கு வாரத்துக்கு ரெண்டு தரம் மாத்தறாங்க. குடுத்து வச்ச வண்டி."

விஜயராகவன் சிரிக்கலாமா கூடாதா என்று செம்மலைப் பார்த்தான். செம்மல் சிரித்தான். சிரிப்பது அவன் வேலை. மில் மூடின அன்றைக்கும் கேட்டுக்கு வெளியே நின்று எல்லாரையும் சிரிக்க வைத்தவன் அவன். அதனால் மில் திறந்துவிடவில்லை.

"செய்யலாம்" என்றான் விஜயராகவன் கடைசியில். "ஆனா நம்ம ஷெட்டு வழக்கம் தெரியுமில்ல. முதல் சுத்து ஓனர் கை."

அந்த வழக்கம் பேட்டையில் எல்லாருக்கும் தெரியும். பிழைக்குமா போகுமா என்று சொல்லமுடியாத வண்டி வந்தால், முதல் போல்ட்டின் முதல் சுற்றை விஜயராகவன் தொடமாட்டான். வண்டிக்குச் சொந்தக்காரர் ஸ்பேனரைப் பிடித்து ஒரு சுற்று இளக்கித் தரவேண்டும். மற்றதெல்லாம் அவன் பார்த்துக்கொள்வான். ஒரு டிராக்டர் எஞ்சின் அவன் கையில் செத்துப்போய், சொந்தக்காரர் குடும்பமே பாயோடு வந்து ஷெட் வாசலில் படுத்துக்கொண்டது. அதிலிருந்து இந்த வழக்கம். வாய்ப்பேச்சு மறந்துபோகும், திருகின கை மறக்காது என்பது அவன் கணக்கு.

"குடு ஸ்பேனர" என்று செம்மல் கையை நீட்டினான்.

"ஆர்.சி. யாரு பேர்ல இருக்கு?"

செம்மல் கையை மடக்கிக்கொண்டான். வண்டி தாமரை பேரில் இருந்தது. என் பேர் எதில் ஏறினாலும் அதை மூடிவிடுவார்கள், மில்லே சாட்சி என்று சொல்லி அவன்தான் அப்படி எழுத வைத்தான்.

"அவள வுடு விஜி. அவளால குனிய முடியாது."

"முடியும்" என்று சொல்லிக்கொண்டே தாமரை கதவைத் திறந்து இறங்கினாள்.

கார் பள்ளத்தின் மேல் நின்றிருந்தது. அடியில் வேலை பார்க்க வெட்டிய ஆளுயரப் பள்ளம். சிமென்ட் படிகள் வழுவழுவென்று எண்ணெய் ஏறியிருந்தன. செம்மலுடைய கால் அந்தப் படியில் இறங்காது. விஜயராகவன் முன்னால் இறங்கிக் கைகொடுக்க, புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு தாமரை இறங்கினாள். முதலில் அவளுடைய இடுப்பு மறைந்தது, பிறகு தோள், பிறகு கொண்டை. காருக்கும் தரைக்கும் நடுவே இருட்டுதான் இருந்தது. செம்மலுக்கு அந்தக் காட்சி பிடிக்கவில்லை. அவன் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எந்தப் பக்கம் திருப்பறது?"

"இடப்பக்கம் அண்ணி. வலது கையால புடி. ஊசி போடற கை வாணாம்."

"தெரியும்ப்பா."

ஸ்பேனர் போல்ட்டில் மாட்டும் சத்தம் கேட்டது. பிறகு அடியிலிருந்து அவள் கூப்பிட்டாள்.

"இந்தா. கேக்குதா?"

"கேக்குது தாமர. இன்னா, சூடா இருக்குதா?"

"நான் ஒண்ணு நெனச்சிக்கப் போறேன்."

"நெனச்சிக்க. சத்தமா நெனைக்காத, விஜி பயந்தவன்."

"சத்தமாத்தான் சொல்வேன். எங்கூருல அம்மன் முன்னால பூ வச்சிக் கேப்பாங்க. வலப்பக்கம் வுழுந்தா சரி, இடப்பக்கம் வுழுந்தா வாணாம். நான் எங்க போயி பூ வைக்கிறது. இதுதான் எனக்குப் பூ. புது எண்ணையோட இது ஓடிச்சின்னா நானும் மிஷினுக்கு வரேன். இது நின்னு போச்சின்னா நானும் நிறுத்திக்கிறேன். அப்புறம் நீ கெஞ்சக் கூடாது. அழக் கூடாது. கோமாளித்தனம் பண்ணக் கூடாது."

தகரத்திலிருந்து சொட்டு விழும் சத்தம் கேட்டது. செம்மல் மடங்காத காலை இழுத்துக்கொண்டு பள்ளத்தின் முதல் படிவரை போனான். அதற்குமேல் கால் இறங்கவில்லை.

"அண்ணி, இது மெக்கானிக் ஷெட்டு. கோயில் இல்ல" என்றான் விஜயராகவன் பள்ளத்திலிருந்து.

"ஓனர் கைன்னு நீதானப்பா சொன்ன."

'டக்' என்று ஒரு சத்தம். போல்ட் இளகிவிட்டது.

*

ஆயில் கறுப்பாக இறங்கியது. விஜயராகவன் கியர் பெட்டியின் அடித்தட்டைக் கழற்றும்போது அது ஒரு பக்கமாகச் சாய்ந்து, கொஞ்சம் அவன் தலையிலும் கொஞ்சம் பள்ளத்திலும் கொட்டியது. அடித்தட்டுக்குள் இருந்த காந்தத்தில் இரும்புப் பொடி பாசி மாதிரிப் படிந்திருந்தது. அவன் அதைச் செம்மலிடம் காட்டாமல் வழித்துத் துணியில் துடைத்துப் போட்டான்.

பாண்டிச்சேரியில் எந்தத் திரவமும் கடைசியில் பிராந்தி பாட்டிலுக்குத்தான் வந்து சேரும். பினாயிலும் அதில்தான், மண்ணெண்ணெயும் அதில்தான், கோயில் தீர்த்தம்கூட அதில் வந்ததைச் செம்மல் பார்த்திருக்கிறான். விஜயராகவனிடமும் அளப்பதற்கு வேறு சாமான் இல்லை. இறங்கிய கறுப்பு ஆயிலை பாட்டில் பாட்டிலாக ஊற்றி வரிசையாக வைத்தான்.

"மூணு ஃபுல்லு, ஒரு குவாட்டரு. வந்தது எவ்ளோவோ அவ்ளோதான் போவணும். ஜாஸ்தி போட்டா நுரைச்சிக்கும்."

அதே கணக்கில் புது ஆயில் போனது. புனலில் செருகிய மெல்லிய குழாய் வழியே அது சிவப்பாக இறங்கியது. பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்த தாமரை அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

செம்மல் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். எஞ்சின் பழுதில்லாமல் எழுந்தது. 'டி'க்கு இழுத்தான். யோசிக்கட்டும் என்று காத்திருந்தான். யோசித்தது. குலுக்கல் வரவில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தான், எஞ்சின் கத்தியது, சக்கரம் சும்மா இருந்தது. ரிவர்ஸில் போட்டான். அதுவும் அப்படியே. வெறும் நாற்காலியில் உட்கார்ந்து வாயால் ஆரன் அடிக்கும் பிள்ளை மாதிரி அவன் உட்கார்ந்திருந்தான்.

கண்ணாடியில் தாமரை தெரிந்தாள். டயரிலிருந்து மெல்ல எழுந்தாள். கையிலிருந்த பிசுக்கை ஒரு துணியில் துடைத்தாள். புடவையை உதறிச் சரிசெய்துகொண்டாள். அவள் முகத்தில் துக்கம் இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். இருந்தது வேறு. வெயிலில் நெடுநேரம் நின்றவளுக்குத் தூரத்தில் பஸ் வருவது தெரிந்த மாதிரி இருந்தது அந்த முகம்.

"சரி, எறங்கு. நடந்தே போவலாம்" என்றாள்.

"இரு தாமர. இருன்றேன்ல."

"இருந்து?"

விஜயராகவன் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தான். நுனி காய்ந்து கிடந்தது. பள்ளத்துக்குள் குனிந்து பார்த்தான். அங்கே கொட்டியது குட்டை கட்டி நின்றது. தலையில் அடித்துக்கொண்டான்.

"அண்ணே, சிந்தினத நாம கணக்குல எடுக்கல. அதுவும் போவ, முன்னாடியே கம்மியாத்தான் இருந்திருக்கும். கம்மிய அளந்து கம்மியையே ஊத்தியிருக்கேன். எஞ்சின நிறுத்தாத. ஓடட்டும்."

எஞ்சின் ஓட ஓட இன்னொரு பாட்டில் போனது. குச்சியைத் துடைத்து விட்டான், பார்த்தான், இன்னும் கொஞ்சம் ஊற்றினான். "எல்லாக் கியருக்கும் ஒரு தரம் இழு. மெதுவா." செம்மல் பக்கத்தில் தான் வைத்திருந்த முருகனைப் பார்க்காமல், சொல்தா விட்டுப்போன மாதாவைப் பார்த்துக்கொண்டு இழுத்தான். பழகின தெய்வம் அதுதானே இந்த வண்டிக்கு.

வண்டி ஒரு துள்ளுத் துள்ளி, முன்னால் இருந்த காலி டிரம்மை இடித்துத் தள்ளிவிட்டு நின்றது.

விஜயராகவன் உட்கார்ந்துவிட்டான். செம்மல் இறங்கி, டிரம்மைக் கட்டிப்பிடித்து, "மன்னிச்சிக்கப்பா" என்றான். பிறகுதான் திரும்பிப் பார்த்தான். தாமரை நடப்பதற்கென்று இழுத்துச் செருகியிருந்த முந்தானையை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஓடுது" என்றாள். சந்தோஷமா, ஏமாற்றமா என்று அவனால் சொல்லமுடியவில்லை. "அப்ப வெள்ளிக்கிழம போவணும்."

*

கொஞ்ச நாள் வண்டி புதுப்பெண் மாதிரி ஓடியது. யோசனை இல்லை, குலுக்கல் இல்லை. செம்மல் கம்பெனி கேட்டில் உட்கார்ந்து லாரி டிரைவர்களுக்கெல்லாம் ஆயில் பற்றிப் பாடம் எடுத்தான்.

கார்த்திகையில் மழை வலுத்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், எஞ்சின் சத்தம் ஏறியது, வேகம் ஏறவில்லை. மறுபடி பிடித்துக்கொண்டது. அது தாமரைக்குக் கேட்காமலிருக்கச் செம்மல் சட்டென்று இருமினான். அடுத்தமுறை சத்தம் ஏறியபோது ரேடியோவைக் கூட்டினான். அதற்கடுத்த முறை கோவிந்தசாமி சொன்ன பழைய கதை ஒன்றை எடுத்துவிட்டு, பாதியில் அது கோவிந்தசாமி சொன்னது என்று நினைவு வந்து நிறுத்தினான்.

மேம்பாலத்தை விட்டான். ஏற்றம் இருக்கும் தெருவையெல்லாம் விட்டான். ஊரிலேயே மேடில்லாத வழியைக் கண்டுபிடித்து ஓட்டினான். சமதளத்தில் இருக்கும் பாண்டிச்சேரியில் இத்தனை மேடு எங்கேயிருந்து வந்தது என்று அவனுக்கே வியப்பாக இருந்தது.

தனியாக ஒருநாள் ஷெட்டுக்குப் போனான். விஜயராகவன் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான். பானெட்டைத் திறக்கக்கூட இல்லை.

"கழுவி வுட்டுடிச்சிண்ணே. ஆயில் நல்லாத்தான் இருக்கு. புடிக்கிறதுக்கு உள்ள ஒண்ணும் இல்ல."

"எத்தினி நாளு தாங்கும்?"

"நாளெல்லாம் சொல்ல முடியாது. இன்னைக்கும் நிக்கலாம், பொங்கலுக்கும் நிக்கலாம். மழைல நின்னு நின்னு ஓட்டாத."

"அவகிட்ட சொல்லிடாத விஜி."

"நான் எதுக்கு சொல்றேன். அண்ணிக்குக் காது இல்லியா?"

தாமரையும் மில்லில் இருந்தவள்தான், நூல் சுற்றும் ரீலிங் பிரிவில். அத்தனை மிஷினும் ஒன்றாக இரைகிற கூடத்தில், எதில் நூல் அறுந்தது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லுவாள். மேஸ்திரிகள் பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறார்கள்.

அந்தத் திங்கட்கிழமை, கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகித் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். செம்மல் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது சந்து முனையிலேயே வாசனை வந்தது. கருவாட்டுக் குழம்பு. யார் வீடோ, கொடுத்துவைத்தவன் என்று நினைத்துக்கொண்டே வந்தவன், தன் வீட்டு வாசலில் நின்றுவிட்டான்.

உப்பு கூடாது. கருவாடு கூடவே கூடாது. ஒரு நாளைக்கு இரண்டு டம்ளருக்குமேல் தண்ணீர் கூடாது. இதெல்லாம் அந்த வீட்டுச் சட்டம். தாமரை அடுப்பண்டை உட்கார்ந்து, கத்திரிக்காயும் மாங்காயும் போட்ட வாளைக் கருவாட்டுக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"இன்னா தாமர, டாக்டரு செத்துட்டாரா?"

"கை கழுவிட்டு வா."

"எனக்கா இது?"

"ரெண்டு பேருக்கும்."

"உப்பு..."

"ஒரு நாளு. வாய் செத்துக் கெடக்குது."

"நாளைக்கு மிஷினு இருக்குதே. மூச்சு வாங்குமே."

"நாளைக்குத்தான. நாளைக்கிப் பாத்துக்கலாம்." தட்டில் சோற்றைப் போட்டாள். "அது சத்தமே சரியில்ல. உனக்குக் கேக்கலியா?"

"எது?"

அவள் வாசலில் நின்ற வண்டியைக் கண்ணால் காட்டிவிட்டுக் குழம்பை ஊற்றினாள். சாப்பிட்டார்கள். குழம்பு நன்றாக இருந்தது. அதுதான் அவனுக்குத் தாங்கமுடியவில்லை. இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டுவிட்டான். தாமரை சாப்பிட்டுவிட்டுச் சொம்பை எடுத்து அண்ணாந்து குடித்தாள். ஒரு சொம்புத் தண்ணீர் முழுக்க, மூச்சுவிடாமல். இரண்டு வருஷத்தில் அவள் அப்படிக் குடித்து அவன் பார்த்ததில்லை.

விளக்கு வைத்தபின் தினமும் அவள் இடது கையை மடியில் வாங்கி, ஊசி போடும் இடத்தில் இரண்டு விரலை வைத்துப் பார்ப்பான். உள்ளே நரம்பில் ரத்தம் கர்ரென்று ஓடவேண்டும். நின்றால் உடனே ஓடி வரச்சொல்லியிருந்தார்கள். அன்றைக்கும் வைத்தான். ஓடியது.

"ஓடுதா?" என்றாள்.

"மில்லு மாதிரி ஓடுது."

"மில்லு மாதிரியா" என்றாள் தாமரை. கையை எடுத்துக்கொண்டாள்.

*

செவ்வாய்க்கிழமை விடிந்தும் விடியாத மாதிரி இருந்தது. பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டிருந்தார்கள். தாமரையின் முகம் வீங்கியிருந்தது. பேசும்போது நடுவில் மூச்சுக்கு நின்றாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் துணிப்பை, போர்வையும் பன்னும் வைத்தது, ஆணியில் தொங்கியது. அதை எடுக்காமலே வந்து காரில் ஏறினாள். செம்மல் பார்த்தான். திரும்பிப் போய் எடுத்துவந்து பின்சீட்டில் வைத்தான்.

வண்டி சந்திலிருந்து வெளியே ஏறிவிட்டது. மெயின் ரோட்டில் முழங்கால் தண்ணீர். முன்னால் போகிற பஸ் கிளப்பிய அலை பானெட்டில் மோதியது. செம்மல் பேசிக்கொண்டே ஓட்டினான். பேசுவது நின்றால் வண்டி நின்றுவிடும் என்பது போல.

"இந்தத் தண்ணில மீன் புடிச்சி வித்தா நாமளும் பணக்காரங்க தாமர. கார்லேந்தே தூண்டி போடலாம். சொல்தாவுக்கு போன் பண்ணி, உங்க வண்டி இப்ப படகு ஆயிடிச்சின்னு சொல்லணும்..."

நாற்சந்தியில் நிற்கும் சிலைக்கு முன்னால் சிக்னலில் சிவப்பு விழுந்தது. நின்றார்கள். பச்சை விழுந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தான். எஞ்சின் சத்தம் ஏறியது. இன்னும் ஏறியது. கார் நகரவில்லை. குச்சியை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தான். ரேடியோவைக் கூட்டினான். ரேடியோ புயல் எங்கே இருக்கிறது என்று சொன்னது.

தாமரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தது.

"நின்னுடிச்சா?" என்றாள்.

"இல்ல இல்ல. பெட்ரோல் இல்ல."

சொன்ன பிறகுதான் அவனுக்கே தெரிந்தது, சொன்னது இன்னது என்று. எஞ்சினோ உறுமிக்கொண்டிருந்தது. அவசரமாகச் சாவியைத் திருப்பி அதை நிறுத்தினான். ஆனால் அதற்குள் பெட்ரோல் முள் பாதிக்குமேல் நிமிர்ந்து நின்றதை இரண்டு பேரும் பார்த்தாயிற்று. போன வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது பங்க்கில் நிறுத்திப் பெட்ரோல் போட்டிருந்தார்கள். அப்போது கண்ணாடியில் தலையைச் சாய்த்து, மீட்டரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவள் அவள்.

"முன்னாடிதான் பங்க்கு இருக்குது. தள்ளிக்கினே போயிடறேன். நீ உக்காரு."

கதவைத் திறந்து இறங்கினான். தண்ணீர் முழங்காலைத் தாண்டியது. ஒரு கையை ஸ்டியரிங்கிலும் தோளைக் கதவுத் தூணிலும் கொடுத்துத் தள்ளினான். மடங்காத கால் தண்ணீருக்குள் கம்பு மாதிரி ஊன்றியது, எம்பவில்லை. பின்னால் ஆரன்கள். ஒரு கையைத் தூக்கி அவர்களையும் கும்பிட்டான்.

"டாக்டரு... ஒடம்ப அசைக்கச் சொன்னாரு" என்றான் மூச்சு வாங்க. "காசு குடுத்து ஜிம்முக்குப் போறானுங்க. எனக்கு ரோட்டுலயே..."

கார் ஓரமாக ஒதுங்கி ஒரு முழம் நகர்ந்தது. மறுபடி தள்ளினான். கால் எங்கேயோ பள்ளத்தில் இறங்க, பிடி நழுவி, பக்கவாட்டில் அப்படியே தண்ணீருக்குள் விழுந்தான். தலைகூட மறைந்தது. எழுந்தபோது வாயெல்லாம் சாக்கடைத் தண்ணீர். துப்பிவிட்டு, கண்ணாடியைத் துடைக்கிறவன் மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்பவும் தோளைக் கொடுத்தான். காருக்குள் பார்க்கவில்லை.

"பெட்ரோல்தான். வேற ஒண்ணும் இல்ல தாமர. நம்ம வண்டிக்கு ஒண்ணும் இல்ல. நான்தான் போட மறந்துட்டேன்."

அந்தப் பக்கக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

தாமரை இறங்கி நின்றாள். பின்கதவைத் திறந்து துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். மூச்சுக்காகக் கொஞ்சம் கார்மேல் சாய்ந்தாள். பிறகு, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்த ஆட்டோ ஒன்றைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். ஊசி போடாத கையை.

ஆட்டோ அலையோடு வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டினான்.

"இன்னாக்கா, வண்டி ரிப்பேரா? நின்னுடிச்சா?"

செம்மல் வாயைத் திறந்தான். தாமரை முந்திக்கொண்டாள்.

"நிக்கலப்பா. பெட்ரோல் இல்ல. இவருக்கு எப்பவும் மறதி." ஆட்டோவுக்குள் ஏறி உட்கார்ந்து, தள்ளி இடம்விட்டாள். "ஏறு. நேரமாவுது. இன்னொருத்தங்களுக்குக் கட்டிலக் குடுத்துடுவாங்க."

செம்மல் சொட்டச் சொட்ட ஏறினான். மடங்காத காலை வெளியே நீட்டி வைத்துக்கொண்டான். சட்டை நுனியை வெளியே பிடித்துப் பிழிந்தான்.

"வழியில பங்க்கு இருக்குது" என்றான் டிரைவர். "பாட்டில் இருந்தா வாங்கிக்கலாமே. நிறுத்தட்டா?"

தாமரை பின்னால் திரும்பிப் பார்த்தாள். மழைக்குள் அவளுடைய பேரில் இருந்த வண்டி ஓர் ஓரமாகச் சாய்ந்து நின்றது.

"இப்ப வாணாம்" என்றாள். "திரும்பி வர்றப்ப வாங்கிக்கலாம்."